மஞ்சள் எங்கே தொடங்குகிறது?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் பலரும் பார்த்த காட்சி இது. ஒரே நாற்றுப்பண்ணையில் வாங்கிய தக்காளியும் மிளகாயும், பக்கத்துத் தொட்டியில் விதை ஊன்றி முளைத்த வெண்டையும் நிற்கின்றன. மூன்றுக்கும் ஒரே மண்கலவை, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே வெயில். நன்றாக வளர்ந்துவந்த செடிகள் பூக்கும் பருவத்தில் மஞ்சளடிக்கத் தொடங்குகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக.

தக்காளியில் அடி இலைகள் முழுக்க வெளிறித் தொங்குகின்றன. கொழுந்து பச்சையாகவே இருக்கிறது. மிளகாயில் இது தலைகீழ். அடி இலைகள் கரும்பச்சை, கொழுந்து மட்டும் வெளிர்மஞ்சள். வெண்டையில் இலை நரம்புகள் மட்டும் மஞ்சளாகப் பளிச்சிடுகின்றன. நரம்புகளுக்கு நடுவே பச்சை மாறவே இல்லை.

யாரிடம் கேட்டாலும் “சத்துக் குறைவு, உரம் போடுங்கள்” என்பதே முதல் பதிலாக வருகிறது. அப்படி ஒரே உரத்தை மூன்றுக்கும் போட்டால் தக்காளி ஒருவேளை தேறலாம். மிளகாய் அப்படியே நிற்கும், சில உரங்களால் இன்னும் மோசமாகும். வெண்டைக்கு எந்த உரமும் உதவாது. மூன்றும் ஒரே நிறத்தைக் காட்டினாலும் மூன்றின் சிக்கலும் வேறு வேறு. எது எந்தச் சிக்கல் என்று இலையைப் பார்த்தே பெருமளவு கண்டுபிடிக்க முடியும். அதற்கு முதலில் இலை ஏன் மஞ்சளாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மஞ்சள் முன்பே இருக்கிறது

பச்சை இலைக்குள் மஞ்சள் நிறமி எப்போதும் இருக்கிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். கீரை இலை நாலைந்தைக் கசக்கி, கொஞ்சம் ஸ்பிரிட்டில் ஊறவையுங்கள். அந்தச் சாற்றில் வடிதாள் துண்டு ஒன்றின் நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி நிறுத்துங்கள். சாறு தாளில் ஏற ஏற, பச்சைப் பட்டையும் மஞ்சள் பட்டையும் தனித்தனியாகப் பிரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிக்கைல் ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர், சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே இலைச்சாற்றைச் செலுத்தி இப்படித்தான் நிறமிகளைப் பிரித்தார். பச்சை நிறமியின் பெயர் பச்சையம். மஞ்சள் நிறமிகள் கரோட்டினாய்டுகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை.

பச்சையம் நிலையான பொருள் அல்ல. இலை அதை உடைத்துக்கொண்டும் புதிதாகச் செய்துகொண்டும் இருக்கிறது. செய்யும் வேகம் குறைந்தாலோ உடையும் வேகம் கூடினாலோ பச்சை மங்கி, அடியில் இருக்கும் மஞ்சள் தெரியவரும். ஆகவே இலை மஞ்சளாகியிருக்கிறது என்றால் பச்சையம் உருவாவதிலோ உடைவதிலோ ஏதோ மாற்றம் என்று மட்டுமே பொருள். மனிதருக்குக் காய்ச்சல் அடிப்பதைப் போல மஞ்சளும் ஓர் அறிகுறி. நோயின் பெயர் அல்ல.

பச்சையம் செய்ய என்னென்ன வேண்டும்? ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பச்சையத்தைத் தூய்மையாகப் பிரித்து ஆராய்ந்து, அதில் மக்னீசியம் இருப்பதை உறுதிசெய்தார். தாவர நிறமிகள் பற்றிய ஆய்வுக்காக 1915-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு. அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். எனவே நைட்ரஜன் எனும் தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால் பச்சையம் குறைவது இயல்பு. இரும்பு பச்சையத்துக்குள் இல்லை. ஆனால் பச்சையத்தைக் கட்டும் வேலையில் இரும்பு இல்லாமல் சில படிகள் நடக்காது. அதனால் இரும்பு குறைந்தாலும் இலை வெளிறும்.

பழைய இலையா, புதிய இலையா?

நைட்ரஜன் குறைந்தாலும் மஞ்சள், இரும்பு குறைந்தாலும் மஞ்சள் என்றால் எப்படிப் பிரித்தறிவது? செடியில் மஞ்சள் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக்குப் பணமுடை வந்தால் பீரோவில் இருக்கும் நகையை விற்றுப் பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டுச் சுவரில் வைத்துக் கட்டிய செங்கல்லை உருவி விற்க முடியாது. இரண்டுமே சொத்துதான். ஒன்றைக் கைமாற்றலாம், மற்றது இருந்த இடத்தை விட்டு நகராது. செடியின் சத்துகளும் இந்த இரு வகையாகப் பிரிகின்றன.

நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை நகை போன்றவை. மண்ணிலிருந்து வரத்து குறைந்தால், செடி தன் பழைய இலைகளில் உள்ள புரதத்தையும் பச்சையத்தையும் உடைத்து, கிடைப்பதை புளோயம் என்ற குழாய்த் திசு வழியாகக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலை மஞ்சளாகும், கொழுந்து பச்சையாக இருக்கும். இவற்றை நகரும் சத்துகள் எனலாம். கால்சியமும் இரும்பும் செங்கல் வகை. கால்சியத்தின் பெரும்பங்கு உண்மையிலேயே செல்சுவரில் கட்டுண்டு கிடக்கிறது. இவை பழைய இலையில் எவ்வளவு இருந்தாலும் புதிய இலைக்குத் தேவையான அளவு போய்ச் சேராது. ஆகவே பற்றாக்குறை கொழுந்தில்தான் முதலில் தெரியும். இவை நகராச் சத்துகள்.

கண்ணுக்குத் தெரியாத இந்த நகர்வை எப்படிக் கண்டறிந்தார்கள்? 1860-களில் ஜெர்மனியில் யூலியஸ் ஃபான் சாக்ஸ், வில்ஹெல்ம் குனோப் ஆகியோர் மண்ணே இல்லாமல், உப்புகள் கரைத்த தண்ணீரில் செடி வளர்க்கும் முறையை உருவாக்கினார்கள். கரைசலில் ஒரு தனிமத்தை மட்டும் விட்டுவிட்டால் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்க்க இது வழி திறந்தது. எந்தச் சத்து குறைந்தால் எந்த இலை முதலில் வெளிறும் என்ற அட்டவணை இத்தகைய சோதனைகளிலிருந்துதான் வந்தது.

சத்து நகர்வதை நேரடியாகப் பார்க்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1923-ல் ஜார்ஜ் டி ஹெவஷி, கதிரியக்கமுள்ள ஈயத்தை அவரைக் குடும்பச் செடி ஒன்றின் வேருக்குக் கொடுத்து, அது செடிக்குள் எங்கெங்கே போகிறது என்று அளந்தார். கதிரியக்க அணு போகுமிடமெல்லாம் தன் இருப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு 1957-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புகோவாக், விட்வர் என்ற இருவர் கதிரியக்கச் சத்துகளைப் பீன்ஸ் இலைமேல் இட்டுப் பின்தொடர்ந்தார்கள். பொட்டாசியமும் பாஸ்பரஸும் இலையை விட்டு வெளியேறிச் செடியெங்கும் பரவின. கால்சியம் வைத்த இடத்திலேயே நின்றது. இரும்பு இரண்டுக்கும் நடுவே, கொஞ்சமாக மட்டும் நகர்ந்தது.

நரம்பு என்ன நிறம்?

அடுத்து, மஞ்சளின் வடிவத்தைப் பாருங்கள். அடி இலை முழுவதும், நரம்பு உட்பட, ஒரே சீராக வெளிறினால் நைட்ரஜன் குறைவை முதலில் சந்தேகிக்கலாம். அடி இலையில் நரம்புகள் பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. காய் பிடித்த தக்காளியில் இது அடிக்கடி தெரியும். அடி இலையின் ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் பொட்டாசியம் எனும் சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம். உப்புத் தண்ணீரின் வேலையாகவும் இருக்கலாம். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கி இலை விளிம்பில் சேர்வதால் அங்கே கருகுகிறது. தக்காளி நாற்றின் இலை அடிப்புறம் ஊதா படர்ந்தால் பாஸ்பரஸ் எனும் மணிச்சத்து போதவில்லை.

கொழுந்தில் நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள் என்றால் இரும்புக் குறைவு. முற்றினால் கொழுந்து வெள்ளையாகவே ஆகிவிடும். நரம்பை ஒட்டிய செல்கள் கடைசிவரை பச்சையைத் தக்கவைத்துக்கொள்வதால் இந்தப் பின்னல் தெரிகிறது. நரம்பும் சேர்ந்து கொழுந்து சீராக வெளிறினால் கந்தகக் குறைவாக இருக்கலாம்.

நாம் தொடங்கிய மிளகாயின் சிக்கல் பெரும்பாலும் இரும்பு. இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 5 சதவீதம் இரும்பு. அதிகம் உள்ள தனிமங்களில் நான்காவது இடம். தொட்டியில் உள்ள செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். அப்படியிருக்க அதே தொட்டியில் நிற்கும் செடி இரும்புக்கு ஏன் ஏங்குகிறது?

இரும்பு இருப்பது வேறு, கரைந்திருப்பது வேறு. வேர் கரைந்த இரும்பைத்தான் எடுக்க முடியும். மண்ணின் அமில-கார நிலையை பி.எச். என்ற அளவால் குறிக்கிறோம். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பி.எச். ஒரு படி ஏறினால் மண்ணில் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும் கடினமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் மிகுந்திருக்கும். அதைத் தினமும் ஊற்றினால் சிறிய தொட்டியின் மண் மெல்ல மெல்லக் காரமாகும். விறகுச் சாம்பலை அள்ளிப் போடுபவர்களும் தெரியாமல் இதையே செய்கிறார்கள். சாம்பல் பொட்டாசியம் தருகிறது என்பது உண்மை, கூடவே மண்ணைக் காரமாக்குவதும் உண்மை. இரும்புக்கு ஏங்கும் மிளகாய்க்குச் சாம்பல் போட்டால் கொழுந்து இன்னும் வெளிறும்.

தொட்டியின் தனிச் சிக்கல்

இப்போது தக்காளி. அடி இலை சீராக மஞ்சள், ஆகவே நைட்ரஜன் குறைவு என்று முடிவு செய்யத் தோன்றும். தொட்டியில் நைட்ரஜன் குறையக் காரணங்களும் உண்டு. நைட்ரஜனைச் செடி பெரும்பாலும் நைட்ரேட்டாக எடுக்கிறது. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னேற்றம், மண்துகளின் பரப்பிலும் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம்தான். அதனால் மண் அதைப் பிடித்துவைக்காமல், ஊற்றும் தண்ணீரோடு அடித்துளை வழியே வெளியேற விடுகிறது. மட்காத தேங்காய் நார்க்கழிவைக் கலவையில் சேர்த்திருந்தால் இன்னொரு இழப்பும் சேரும். அதில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள, செடிக்குக் கிடைக்காமல் போகிறது. நார்க்கழிவை மட்கவைத்த பிறகே பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

ஆனால் மண்ணில் நைட்ரஜன் இருந்தும் இதே மஞ்சள் வரலாம். தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சுத் திணறும்போது அடி இலை அச்சு அசலாக இப்படித்தான் வெளிறும். வேர் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றலைச் செலவிட்டே அது நைட்ரேட்டை உள்ளிழுக்கிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணின் இடைவெளிகள் தண்ணீரால் நிறைந்துவிட்டால், சத்து சுற்றிலும் இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

தொட்டியில் இது நிலத்தைவிட எளிதில் நேர்கிறது. குளிக்கப் பயன்படும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கி, படுக்கைவசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின் அதை நிமிர்த்திப் பிடித்தால் மறுபடியும் தண்ணீர் வடியும். படுக்கைவசத்தில் அடியில் தங்கியிருந்த நீர் உயரம் கூடியதும் இறங்கிவிடுகிறது. தொட்டி மண்ணிலும் அப்படித்தான். துளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மண் நீரில் ஊறியே இருக்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்கலவையின் பருமன். நயமான மண்ணில் கூடுதல் உயரம், கரடான மண்ணில் குறைவு. தொட்டி ஆழம் குறைய குறைய, வேருக்குக் காற்றோடு கிடைக்கும் இடமும் குறைகிறது. அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் ஊறிய மண்பகுதி ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடுகிறது. கலவை முழுவதையும் கரடாக்குவதே சரியான வழி.

நைட்ரஜன் குறைவா, வேர் மூச்சுத்திணறலா என்று அறிய இலையைப் பார்த்தால் போதாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு மெல்ல உருவி வேரைப் பாருங்கள். வெண்மையான, உறுதியான வேர் நலமான வேர். பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று, நாற்றமடித்தால் அது அழுகல். அழுகும் வேருக்கு மேலே புண்ணாக்குக் கரைசல் ஊற்றினால் செடி இன்னும் விரைவாகச் சாகும். வேர் கெட்ட செடி இரும்பையும் சரியாக எடுக்காது, கொழுந்தும் வெளிறும். ஆகவே எந்த மஞ்சளானாலும் உரப்பையைத் திறக்கும் முன் தண்ணீரையும் வேரையும் பார்த்துவிடுவது நல்லது.

சத்தோடு தொடர்பில்லாத மஞ்சள்

வெண்டைக்கு வருவோம். மக்னீசியம், இரும்பு போன்ற சத்துகள் குறைந்தால் நரம்பு பச்சையாகத் தங்கும், இடைப்பகுதி மஞ்சளாகும். வெண்டையில் இது தலைகீழாக இருக்கிறது: நரம்பு மஞ்சள், இடைப்பகுதி பச்சை. இது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். காரணம் ஒரு வைரஸ். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி பரப்புகிறது. இந்நோய் 1924-ல் அன்றைய பம்பாய் மாகாணத்தில் பதிவானது. முற்றினால் இலை முழுதும் மஞ்சளாகி, காயும் வெளிறிச் சிறுத்துவிடும். வைரஸ் நுழைந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதும், மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து வெள்ளை ஈயைக் குறைப்பதும், அடுத்த முறை அர்கா அனாமிகா போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகத்தை விதைப்பதும்தான் வழி. எதிர்ப்பு ரகமும் எல்லா இடத்திலும் முழுக் காப்பு தராது. எனவே வெள்ளை ஈயைக் கவனிப்பதை விடக்கூடாது.

பூச்சிகளும் மஞ்சளைக் கொண்டுவரும். இலை முழுக்க ஊசி குத்தியதுபோல் வெளிர்புள்ளிகள் தெரிந்தால், இலைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த துகள்கள் ஊர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். கத்திரி, வெண்டை இலைகளின் ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கி மடங்கினால் இலையைத் திருப்புங்கள். தத்துப்பூச்சிகள் பக்கவாட்டில் ஓடும். பொட்டாசியக் குறைவிலும் ஓரம்தான் கெடும். இரண்டையும் பிரிப்பது இலையின் அடிப்புறம். சிலந்திப்பேன், தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி எல்லாம் அங்கேயே குடியிருக்கின்றன. மேற்புறத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு இவற்றில் எதுவுமே தெரியாது.

செடியின் அடியில் ஒன்றிரண்டு இலை பழுத்து உதிர்வது முதுமை. அதற்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

செடியையே கேளுங்கள்

இலையைப் பார்த்துச் சொல்வது ஊகம். அந்த ஊகத்தைச் சோதிக்கவும் எளிய வழி இருக்கிறது. 1840-களில் பிரான்சில் எசெப் கிரி என்பவர் வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசலைக் கொடுத்தார். இலையில் தடவிய இடங்களில் பச்சை திரும்பியது. வெளிறலுக்குக் காரணம் இரும்புக் குறைவு என்பதற்கு அதுவே சான்று. அதே சோதனையை நம் மாடியிலும் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 3 முதல் 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டும் சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து, அப்போதே பயன்படுத்துங்கள். துருநிறமாக மாறிய கரைசல் பயன்படாது. மாலையில், வெளிறிய கொழுந்திலையின் ஒரு பாதியில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். மறுபாதியைத் தொடாதீர்கள். ஒரு வாரம் பத்து நாளில் தடவிய பாதி மட்டும் பச்சையானால் ஊகம் சரி. மாறாவிட்டால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். தொடாத பாதிதான் இங்கே சாட்சி. அது இல்லாமல் செடி தானாகத் தேறியதா, மருந்தால் தேறியதா என்று சொல்ல முடியாது.

இரும்பு என்று உறுதியானால் நிரந்தரத் தீர்வு தண்ணீரில் இருக்கிறது. மழைநீரைச் சேர்த்து ஊற்றுவது சிறந்தது. கொடுக்கிணைப்பு இரும்பு, அதாவது கீலேட், வாங்குபவர்கள் பெயரைக் கவனியுங்கள். இ.டி.டி.ஏ. வகை காரமண்ணில் விரைவில் செயலிழக்கும், இ.டி.டி.எச்.ஏ. வகை தாக்குப்பிடிக்கும். மக்னீசியம் என்றால் லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். ஆனால் எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு என்ற பழக்கம் தவறு. மிகுதியான மக்னீசியம் கால்சியத்தை வேர் எடுப்பதைத் தடுக்கும். அதேபோல் பொட்டாசியம் மிகுந்தால் மக்னீசியம் உள்ளே போகாது. ஒரு சத்தைக் கூட்டினால் இன்னொன்று குறைவதைச் சிறிய தொட்டி பெரிய நிலத்தைவிட விரைவாகக் காட்டும்.

பலன் எங்கே தெரியும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நைட்ரஜன் போனதால் முழுக்கப் பழுத்த அடி இலை உரம் போட்டாலும் பச்சையாகாது. புதிதாக வரும் இலைகளின் நிறமும், மஞ்சள் மேலே ஏறாமல் நிற்பதும்தான் அங்கே பலனின் அடையாளம். பழைய இலையைப் பார்த்து “உரம் வேலை செய்யவில்லை” என்று மறுபடி மறுபடி கொட்டி, உப்பு மிகுந்து செடி கருகிப்போவது தொட்டிகளில் சகஜம்.

இலை மஞ்சளாகத் தெரிந்தால் கடைக்குப் போகும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பழைய இலையா, புதிய இலையா? நரம்பு என்ன நிறம்? இலையின் அடியில் ஏதாவது ஊர்கிறதா? வேரும் மண்ணும் எப்படி இருக்கின்றன? பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முடிந்தால் ஒரு செடியையோ ஓர் இலையின் பாதியையோ மாற்றாமல் ஒப்பிட வைத்துக்கொண்டு, அடுத்த கொழுந்து விரியும்வரை பொறுத்திருங்கள்.